மஞ்சள் கறுப்புப் பெட்டி

என் தங்கை தன் மகனுக்காகப் பொம்மைக் கடையில் நின்றுகொண்டு என்னிடம் யோசனை கேட்டபோது, அவன் எதைக் கண்டால் அலறுவானோ அதையே வாங்கச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன்!

நீங்கள் என்னை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கண்டிருந்தால் நல்லவள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, கட்டைகளை அடுக்கக் கற்றுக்கொடுக்கிறவள். எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் பொம்மை ஆகும், எது பயம் காட்டும் என்பதெல்லாம் என் தொழில். அந்த அறிவைக் கொண்டுதான் இதைச் செய்தேன்.

என் தங்கை ரேவதி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கணவன் கைவிட்டுப் போன பிறகு, தவழும் பருவம் தாண்டாத மகனை என் மடியில் வைத்துவிட்டுப் போனவள். பிள்ளையின் பெயர் தர்ஷன். எனக்குப் பிள்ளை இல்லை. என் கணவருக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போவார். ஆகவே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில் எங்கள் வீட்டில், நானும் தர்ஷனும் மட்டும்தான்.

அவன் முதலில் நடந்தது என்னிடம். முதல் காய்ச்சலில் விடிய விடியத் தோளில் கிடந்ததும் என்மேல்தான். அம்மாவை அவனுக்குத் தெரியும்... போனில் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போனால் ரேவதி பேசுவாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்க் குழாயடிக்குப் போய், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படம் நின்று நின்று வரும். தர்ஷன் கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு என் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பான்.

அதில் எனக்கு ஓர் ஓரத்தில் சந்தோஷம் இருந்ததா? இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

தர்ஷனுக்கு நான்கு வயதான வருடம் ஒரு பகல், முன்பள்ளி விட்டு அவனைக் கூட்டிக்கொண்டு தேயிலை மலைக் குறுக்குப் பாதையால் வந்துகொண்டிருந்தேன். எங்கோ மேலே மரத்தில் இருந்த குளவிக் கூடு கலைந்துவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு ஓட நேரமில்லை. பிள்ளையைத் தரையில் குந்தவைத்து, என் நீலக் குடையை அவன்மேல் கவிழ்த்து, சேலையால் சுற்றி, அவன்மேல் கவிழ்ந்துகொண்டேன். முகம், கழுத்து, கை என்று கொட்டின. அவனை ஒன்றுகூடத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் முகத்தைப் பார்த்துத் தர்ஷன் வீறிட்டான். கண் இரண்டும் மூடிப்போய், உதடு வீங்கி, நான் வேறொருத்தியாக இருந்தேன். என் குரலைக் கேட்ட பிறகுதான் கிட்ட வந்தான். வந்தவன் போகவே இல்லை. அன்றிலிருந்து என் கையைப் பிடிக்காமல் தூங்க மாட்டான். மஞ்சளும் கறுப்புமாக எதைக் கண்டாலும் உடம்பு நடுங்கும். ஹட்டன் போகும் வழியில் பாலத்துச் சுவரில் அடித்திருக்கும் மஞ்சள் கறுப்புக் கோட்டைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பான்.

ரேவதியிடம் இதைச் சொல்லவில்லை. கடல் கடந்து இருப்பவள் கேட்டால் சோறு இறங்காதே என்று மறைத்தேன். அப்போது அது அன்புதான். சத்தியமாக அன்புதான்! முக வீக்கம் வற்றும்வரை, "படம் தெரியல, சிக்னல் சரியில்ல" என்று சொல்லிக் குரலில் மட்டும் பேசினேன்.

அந்த நாட்களில்தான் அவனுக்கு ஒரு வீரன் கிடைத்தான். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் நீல மேலங்கி போட்டுக்கொண்டு பறக்கிறவன். 'நீல மாமா' என்று தர்ஷனே பெயர் வைத்தான். என் நீலச் சால்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிப்பான். "பெரிம்மா, நீங்க பயப்படாதீங்க, குளவி வந்தா நான் பாத்துக்கிறேன்" என்பான். சுவரெல்லாம் நீலக் கிறுக்கல்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரேவதி சொன்னாள்.

"அக்கா, இந்த தடவ அக்ரிமென்ட் முடிஞ்சதும் வந்துர்றேன். போதும். தலவாக்கலையில ஒரு சின்ன தையல் கட போட்டுக்கிறேன். தர்ஷனயும் அங்கயே பெரிய ஸ்கூல்ல சேத்துருவேன். ஒங்களுக்கும் எம்புட்டு நாளைக்குத்தான் பாரம்?"

பாரம்! அவள் நன்றியோடுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. தலவாக்கலை என்ன கண்காணாத தேசமா? பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் அந்தச் சின்னச் செருப்பு வாசலில் இருக்காதே... சந்தோஷம் என்று வாயால் சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்று அழுதேன்.

யாருடைய பிள்ளை அவன்? பெற்றவளுடையவன்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. குளவிக்கு முதுகைக் கொடுத்தவள் நான், எனக்கு உரிமை இல்லையா என்று எனக்குள்ளேயே வழக்காடினேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதற்குக் கூலியாக அந்தப் பிள்ளையையே கேட்டேன். எவ்வளவு கேவலம்!

அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள் நெருங்கியது. ஒரு நாள் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ரேவதி பதற்றமாக, ரகசியக் குரலில் கூப்பிட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பெரிய கடைத்தொகுதிக்கு வந்திருக்கிறாளாம். அவர்கள் வேறு பக்கம் போன நேரத்தில் பொம்மைப் பகுதியில் நிற்கிறாளாம். அன்று படம் அதிசயமாகத் தெளிவாக வந்தது. அடுக்கடுக்காகப் பெட்டிகள். பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திப் பொருத்தி வீரனையும் அவன் வண்டியையும் செய்கிற பெட்டிகள்.

"அக்கா, சூப்பர் ஹீரோ செட்டு. சின்னப் புள்ளைங்களுக்குன்னே பெரிய கட்டையா போட்டுருக்கான், வாயில போட்டாலும் பயமில்ல. சிவப்பு இருக்கு, நீலம் இருக்கு, இந்தா மஞ்சளும் கறுப்பும் இருக்கு. அவனுக்கு எது புடிக்கும்? சீக்கிரம் சொல்லுங்கக்கா, மேடம் வந்துருவாங்க."

போனின் படத்தில் நீல மேலங்கிக்காரன் முன்வரிசையில் நின்றான். அவளுடைய விரல் அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது. நான் "அதுதான்" என்று சொன்னால் போதும். ஒரு சொல்!

பக்கத்திலிருந்த பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் கறுப்பு வரி உடுப்பு, கண்ணை மறைத்த முகமூடி, கையில் கூரான ஈட்டி. அந்தக் கடையில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அவனும் ஒரு வீரன்தான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு அது குளவி.

"மஞ்சள் கறுப்பு," என்றேன். "அதுன்னா அவனுக்கு உசிரு."

"நெசமாவா? நல்ல வேள, நான் நீலத்த எடுக்கப் பாத்தேன்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

இத்தோடு விட்டேனா? இல்லை. மறுவாரம் ஹட்டன் டவுனுக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, நீல மேலங்கி வீரனின் கட்டைப் பெட்டியைத் தேடினேன். கட்டை சின்னதாக இருக்கிறதா, கையைக் கிழிக்குமா, அவன் விரலுக்குப் பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைக்காரர் அலுத்துப்போய், "டீச்சர், ஒங்க மகனுக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். என் வாழ்நாளில் ஒரு பொருளை அவ்வளவு அன்போடு தேர்ந்தெடுத்ததில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

ரேவதி அனுப்பிய கார்கோ பெட்டி பிறந்தநாளுக்கு முன்பே வந்துவிட்டது. வெளிநாட்டுப் பெட்டி வந்தால் எங்கள் லயத்தில் அதைத் தனியாகப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிடும். சவர்க்காரம், பால்மா, சொக்லேட் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். ரேவதி பிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டாள். அதனால் பிறந்தநாளன்று பெட்டியைக் குழாயடிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டோம். பக்கத்து வீட்டுச் செல்வி போனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அம்மா என்னா அனுப்பியிருக்கேன்னு பாரு! ஒனக்கு ரொம்பப் புடிச்சது!" ரேவதியின் குரல் துள்ளியது. அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுச் சமையலறை தெரிந்தது. தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்காமல் நின்றாள்.

தர்ஷன் தாளைக் கிழித்தான். மஞ்சள் தெரிந்தது. பிறகு கறுப்பு.

அவன் அலறிய அலறலை எப்படி எழுதுவது... பெட்டியை வீசி எறிந்தான். "குளவி! பெரிம்மா, குளவி!" என்று ஓடிவந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டான். பெட்டி உடைந்து கட்டைகள் குழாயடிச் சேற்றில் சிதறின. பயத்தில் ஒன்றுக்குப் போய்க் கால் நனைந்துவிட்டது அவனுக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு!

நான் அவனை அணைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது! அவன் என்னிடம்தான் ஓடிவந்தான் என்று என் மனம் கூத்தாடியது. உங்களிடம் சொல்ல வந்ததே இதைத்தான். பொய்யைக்கூட மன்னித்துவிடுவீர்களோ என்னவோ, அந்த இனிப்பை மன்னிக்க மாட்டீர்கள்.

"பெத்தவ அனுப்புனதப் பாத்து இப்புடிப் பயப்படுறானே, பாவம் அந்தப் புள்ள," என்றாள் செல்வி. போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

ரேவதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் விட்டு விட்டுப் போனதில் 'குளவி' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழவில்லை போலும். முதலில் சிரிப்பு மாறவில்லை, கலைய மறந்ததுபோல் முகத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா... அவனுக்கு உசிருன்னு சொன்னீங்களே?"

"மாறிட்டான் ரேவதி. புள்ளைங்கதானே. நேத்துப் புடிச்சது இன்னைக்குப் புடிக்காது," என்றேன். இரண்டாவது பொய், முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். "நான் கூட இருந்தா தெரிஞ்சிருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை நீலப் பெட்டியைக் கொடுத்தேன். தர்ஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் தையல் கடைப் பேச்சு குறைந்தது. பிறகு ஒருநாள், "இன்னும் ஒரு தடவ அக்ரிமென்ட் போட்டுர்றேன் அக்கா. அவன் ஒங்ககிட்ட நல்லாத்தானே இருக்கான்? நான் வந்து புடுங்கிட்டுப் போனா அந்தப் புள்ளைக்கில்ல கஷ்டம்?" என்றாள். நான் தடுக்கவில்லை. 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தது நடந்துவிட்டது, அப்புறமென்ன? அதன்பின் இன்னொரு தடவையும் போட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இடையில் ஒருமுறை லீவில் வந்தாள். பெட்டி நிறைய உடுப்பு இருந்தது. பொம்மை ஒன்றுகூட இல்லை. முதல் நாள் இரவு அவனைப் பக்கத்தில் படுக்கவைத்தாள். விடியும்போது அவன் என் பாயில் கிடந்தான். ரேவதி கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எழுந்து தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

தர்ஷன் இப்போது வளர்ந்துவிட்டான். பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுகிறான். மஞ்சளும் கறுப்பும் அவனை ஒன்றும் செய்வதில்லை. போன விடுமுறையில், வெளியே போகவிடாமல் மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில், அலுமாரிக்கு மேலே கையை விட்டு அந்தப் பெட்டியை எடுத்துவிட்டான். அன்று சேற்றிலிருந்து பொறுக்கிக் கழுவி நான் தூக்கிப் போட்டது. எறியவும் மனம் வரவில்லை, பார்க்கவும் தைரியம் வரவில்லை.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினான். வரி உடுப்புக்காரன் எழுந்து நின்றான். நல்ல அழகான வேலைதான்.

"பெரிம்மா, இது யாரு வாங்குனது?"

"ஒங்கம்மா."

ஈட்டியை அந்தச் சின்னக் கையில் செருகிக்கொண்டே, கோபமில்லாமல், தெரிந்த சங்கதியைச் சொல்வதுபோல் சொன்னான்.

"அம்மாவுக்கு எனக்கு என்னா புடிக்கும்னு தெரியாதுல்ல."

தெரியும் தர்ஷன்! உன் அம்மாவின் விரல் நீலத்தின் மேல்தான் இருந்தது. தன் மனசாலேயே சரியாகத்தான் எடுக்கப் போனாள். எடுத்த கையை நான்தான் தட்டிவிட்டேன்... இவ்வளவும் தொண்டைவரை வந்தது. சொன்னால், அன்று அவன் அந்தக் கட்டைகளை எப்படிப் பார்த்தானோ அப்படி என்னைப் பார்ப்பானே என்ற பயமும் கூடவே வந்தது.

"சோறு ஆறுது, வந்து சாப்புடு," என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை குழாயடியில் ரேவதி வழக்கம்போல் பேசினாள். பிறந்தநாள் வருகிறதே என்றாள். "அக்கா, இந்த வாட்டியும் நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. ஒங்களுக்குத்தானே அவனப் பத்தித் தெரியும்," என்றாள்.

"சரி," என்றேன்.