கசெற்றில் வந்த அப்பாவின் குரல்

அப்பாவின் பழைய கசெற்றைக் கணினியில் ஏற்றியிருந்தேன். ஹெட்போனில் இரைச்சல்தான் அதிகம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்போது, வன்னியில், எங்கள் ஊரான துணுக்காயில் சைக்கிள் பெடலைச் சுற்றிய ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொழும்பில் வேலை செய்த அப்பா, யுத்தத்தில் பாதை பூட்டியதால் மூன்று வருடமாக வீட்டுக்கு வரவில்லை. தன் குரலைப் பதிந்து, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வன்னிக்குள் பற்றரி வர இராணுவம் விடுவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ மின்சாரத்தில்தான் ரேடியோவில் கசெற் போடுவோம்.

வேகமாகச் சுற்றினால் அப்பா கீச்சுக்குரலில் பேசினார். கை சோர்ந்தால் குரல் கிழவருடையதுபோல் இழுபட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காதை பிள்ளை. ஒரே சீராய்ச் சுத்து," என்ற அம்மா, ரேடியோவை வெறும் மண்பானையின் வாயில் வைத்தார். குரல் கனத்தது.

"இப்ப சரி. இதுதான் அவற்ர குரல். விடாமல் சுத்து."

"நான் நல்ல சுகம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார் அப்பா.

அம்மாவின் முகம் மாறியது. "அவருக்குச் சுகமில்லை."

"சுகம் எண்டுதானே அப்பா சொல்லுறார்?"

"ஓம், சொல்லுறார்."

அன்றே அம்மா கடிதம் எழுதினார்: 'என்ன வருத்தம் எண்டு ஒளிக்காமல் எழுதுங்கோ.' இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒப்பரேசன் முடிந்து தேறிவிட்டாராம். 'உமக்கு ஆர் சொன்னது?' என்றும் கேட்டிருந்தார்.

இப்போது இரைச்சல் முழுதும் போய்விட்டது. அப்பா பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். அம்மாவுக்குக் கேட்டது எனக்கு இன்னும் கேட்கவில்லை.