பந்தலைத் தாங்கிய நூல்

மழையில் நனைந்த என் கதர்ச்சட்டையின் ஈரப்பஞ்சு வாசனை, திண்டிவனத்தில் வருஷாவருஷம் நூற்புப் போட்டி நடத்திய என் அத்தை அஞ்சலையிடம் என்னை இழுத்துப்போனது. அவள் ராட்டையைச் சுற்றியதைவிட ஆட்களைச் சுற்றவைத்ததே அதிகம்.

ஒரு வருஷம் போட்டிப் பந்தலை இழுத்துக் கட்ட விழுப்புரத்திலிருந்து கயிறு வந்துசேரவில்லை. காற்றோ பந்தலைப் பிய்த்தது. போட்டியில் நூற்றுச் சுற்றிவைத்த நூல் கற்றைகளான சிட்டங்களையெல்லாம் சேர்த்துக் கயிறாக முறுக்கச் சொன்னாள் அத்தை.

"யக்கா, பரிசுக்கு வந்த நூலாச்சே அது!" என்று அலறினான் ராட்டை செய்யும் தச்சன் முனுசாமி.

"பந்தலு பூட்டா பரிச எங்க வெச்சிக் குடுப்ப? வாய மூடிக்கினு முறுக்குடா, ஜல்தி!"

அந்தக் கயிற்றால் கட்டியபின் சாயங்காலம்வரை பந்தல் அசையவில்லை. நடுவர் வந்து, "எந்த நூலும்மா உறுதி?" என்று கேட்டார்.

அத்தை மேலே கை காட்டினாள்.

"அண்ணாந்து பாருங்க ஐயா. யாருதுன்னு பிரிச்சிட்டீங்கன்னா, பரிசு உங்களுக்கே!"