மார்பிளில் வளர்ந்த யானை

மன்னார்புரம் வீட்டு ஹாலுக்கு அப்பா வெள்ளை மார்பிள் போட்டபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். அவருக்கு அந்தக் கல்லைப் பற்றி இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, அது ராஜஸ்தானிலிருந்து வந்த கதையைச் சொல்லிவிடுவார்.

அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு, "இனிமே நீ எங்களோடதான்" என்று அப்பாவே போய் உப்பிலியபுரத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். சாயங்காலம் ஹாலில் சாமி அலமாரிக்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றுவது அவள் வேலை.

கொஞ்ச நாளில் விளக்குக்குப் பக்கத்தில் கரும்பழுப்பாக ஒரு கறை வந்தது. எண்ணெய்க் கறைதான் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். விளக்கு அங்கே, எண்ணெய் விளக்கில், அப்புறம் என்ன விசாரணை?

அம்மா புளியோடு உட்கார்ந்தாள். பித்தளைப் பாத்திரத்தையே பளபளக்க வைக்கிற புளிக்கு இது எம்மாத்திரம் என்பது அவள் கணக்கு. கறை அப்படியே இருந்தது, சுற்றியிருந்த பளபளப்புதான் போனது. மார்பிளில் புளிப்பு படவே கூடாது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று சமையல் சோடாவைக் குழைத்துக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தார். எண்ணெயைச் சோடா உறிஞ்சிவிடுமாம். மறுநாள் சுரண்டிப் பார்த்தால் சோடா வெள்ளை வெளேரென்று இருந்தது. கறையும் இருந்தது.

"எண்ணெயா இருந்தா இந்நேரம் வந்திருக்கும்டா" என்றாள் அத்தை.

"இது உப்பிலியபுரத்து சிமெண்டுத் தரை இல்லக்கா. பார்த்துப் புழங்கணும்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அத்தை விளக்கைக் கொல்லைப்பக்கம் துளசிச் செடியருகே ஏற்றினாள். காலையில் நாங்கள் எழுந்து வரும்போதெல்லாம் கறையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கோ அந்தக் கறை ரொம்பப் பிடித்திருந்தது. அசல் யானை. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அத்தை அந்தக் கோட்டை மட்டும் அழிக்காமல் தேய்ப்பாள். விளக்கு கொல்லைக்குப் போன பிறகு ஒருநாள் பார்த்தால், தும்பிக்கை கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது. "யானை வளருது, வந்து பாருங்க!" என்று கத்தினேன். அம்மா ஹோம்ஒர்க்கை முடிக்கச் சொன்னாள். அப்பா போனிலிருந்து தலை தூக்கவில்லை. அத்தை மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

ஊரில் வீடு பூட்டிக் கிடந்தால் பாழாய்ப் போய்விடும் என்று சொல்லி, அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் உற்சாகமாக டாட்டா காட்டினேன். அவளுடைய ஜன்னலோரக் கட்டில் இனி எனக்கு.

பிறகு பாத்ரூமில் தண்ணீர் சரியாக வராமல் போய், குழாய் ஹாலுக்கு அடியில் போவதால் அங்கே கல்லைப் பெயர்த்துப் பார்த்தார்கள். யானைக்கு நேர் கீழே இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. கறை கீழிருந்துதான் ஏறியிருக்கிறது. அப்பா அங்கேயே உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டார். "குழாய்தான்க்கா. நீ வந்துடு" என்றார். சரி பண்ணியாச்சா, நல்லது என்று மட்டும் அத்தை சொன்னாளாம். அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். ராத்தங்க மாட்டேன் என்றாள். புதிதாகப் பதித்த கல் பளபளத்தது. அம்மா கொடுத்த காபி டம்ளரை அத்தை கீழே வைக்கவே இல்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"சுடுமே, கீழ வைங்க அத்தை" என்றேன்.

"இருக்கட்டும்டி."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மார்கழிக் குளிருக்கு அத்தைக்குச் சூடு இதமாக இருக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.