விதைக் கம்பில் மாவுருண்டை

மழை தொடர்ந்து பொய்த்துவந்த 1952 தீபாவளியன்று முத்துப்பேச்சியின் வீட்டில் அடுப்பில் ஏற்ற எதுவுமில்லை. "வருசா வருசம் மாவுருண்டை பிடிப்பியே ஆத்தா" என்று மகள்கள் இருவரும் அழுதார்கள். பொறுக்காமல், விதைக்கு வைத்திருந்த கம்பு முழுவதையும் வாசம் வர வறுத்து, திருகையில் திரித்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு உருட்டினாள்.

கணவன் கருத்தப்பாண்டி பதறினான். "வறுத்த கம்பு மொளைக்குமாடி?"

"மழையே இல்ல, எங்கன வெதைக்கப் போறீக? இன்னைக்காவது பிள்ளைக சிரிக்கட்டும்."

பிள்ளைகள் விரலை நக்கிச் சிரித்தார்கள். பார்த்த அவளுக்கும் வயிறு நிறைந்தது.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. எம். புதுப்பட்டி ஊரே ஏர் பூட்டியது. கருத்தப்பாண்டி வீடுவீடாக விதை கேட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

"என்னையக் கொன்னுபோடுங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் திட்டக்கூட இல்லை. அந்த வருடம் அவர்கள் நிலம் மட்டும் தரிசாகவே கிடந்தது.