தம்பிக்குக் கிடைத்த மாமன் மடி

தடால்… தடால்…

விடியற்காலையில் பால் பூத்தில் பிளாஸ்டிக் கிரேட் இறங்கும் சத்தம். கடலூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அலாரமே அதுதான். கூடவே கடல்காற்றில் கலந்து ஒரு மருந்து வாடை வரும், செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகள் பக்கத்திலிருந்து.

அப்பா இந்த ஊர்க்காரர். பட்டாளத்தில் இருந்தபோது மிசோரத்தில் அம்மாவைப் பார்த்து, காதலித்து, கல்யாணம் செய்துகொண்டவர். ரிட்டயர் ஆனதும் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை கிடைக்க, எங்களையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். நான் அப்போது ஏழாவது. தம்பி ரூபனுக்கு அஞ்சு வயசு. எங்கள் இருவருக்கும் அச்சு அசல் அம்மா முகம். சின்னக் கண், சப்பை மூக்கு.

அவ்வளவுதான், தெருவே எங்களிடம் ஹிந்தி பேச ஆரம்பித்துவிட்டது!

வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். அம்மா அப்பாவிடம் கற்றுக்கொண்டு நல்ல கடலூர்த் தமிழே பேசுவாள். "ரெண்டு பாக்கெட் பால் குடுங்க" என்று அவள் கேட்டால் போதும், பூத்காரர் முருகவேல் பதறிப்போய், "தோ பாக்கெட்? டீக் ஹை மேடம், டீக் ஹை!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ண்ணா, எங்களுக்கு ஹிந்தியே தெரியாது!"

"அட, பாப்பா என்னமா தமிழ் பேசுது பாரேன்" என்று பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் என்ன சர்க்கஸா?

ஆனால் அம்மாவுக்கு வலித்தது ஹிந்தி இல்லை… அந்த "மேடம்". தெருவில் மற்ற பெண்கள் எல்லாம் அவருக்கு அக்கா, அத்தை, அண்ணி. அம்மா மட்டும் மேடம்.

"மரியாதையாத்தான கூப்புடுறாரு" என்றார் அப்பா.

"பேங்க்ல கூப்புட்டா மரியாதை. நான் இந்தத் தெருவுல குடியிருக்கேன்."

ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "பரீட்சை முடிஞ்சதும் புள்ளைங்கள கூட்டிக்கினு எங்கம்மா வீட்டுக்கே போறேன். நீங்க லீவு போட்டு வந்து பாத்துக்குங்க." இரண்டில் எது எங்கள் ஊர் என்று எனக்கே தெரியாத வயசு.

சிதம்பரத்தில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம்பிக்குக் காதுகுத்தையாவது முடித்துவிட்டுப் போங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். பண்ருட்டிப் பக்கம் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்க வழக்கம். ஐஸ்வாலிலிருந்து லால்சங்கா மாமா வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வேட்டி எப்படிக் கட்டுவது என்று அம்மா போனிலேயே பாடம் நடத்தினாள்!

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவிடமிருந்து போன். மலை சரிந்து ரோடு மூடிவிட்டது… வர வழியில்லை.

எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதே என்று கிளம்பினோம். பந்திச் சாமான், பாத்திரம் எல்லாம் முருகவேலின் குட்டியானையில். பால் ஏற்றும் வண்டிதான், அவரே டிரைவர்.

கோயிலில் பத்தர் காது குத்தும் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். அத்தை ஆரம்பித்தார்.

"மாமன் மடி இல்லாம எப்புடிக் குத்துறது? பொறந்த வீட்டு ஆளுன்னு ஒருத்தர்கூட வரல. இந்தக் கல்யாணம் வேணாம்னு நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன்…"

"நானே மடியில வச்சிக்கிறேன்க்கா" என்றார் அப்பா.

"அப்பன் எப்புடிடா மாமன் ஆவான்?"

அம்மா தம்பியின் மொட்டைத்தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டே நின்றாள். தடவியதையே திரும்பத் திரும்பத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. சரி, இனி இந்த ஊரில் இவள் இருக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மரத்தடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகவேல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, பத்தர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குடுங்க எம் மருமவன."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், வெளயாட்டு இல்ல இது. ஒரு தடவ உக்காந்தா ஆயுசுக்கும் சீர் செய்யணும். நாளைக்கு இவன் அக்கா வயசுக்கு வந்தா நீதான் ஓலை கொண்டாந்து குடிச கட்டணும். ஒம் பொண்டாட்டியக் கேட்டியா?"

"அவளை நான் சமாளிச்சிக்கிறேன். நீங்க மொதல்ல குத்தச் சொல்லுங்க, புள்ள பயந்து கெடக்குது." அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "யக்கா, இப்புடிக் குடுக்கா அவன."

அம்மா கொடுத்தாள். தம்பி போட்ட கூச்சலில் கோயிலே அதிர்ந்தது. அவனைவிட அதிகமாக அழுதது அம்மாதான்… அப்படி ஒரு சந்தோஷ அழுகையை நான் பார்த்ததில்லை.

பரீட்சை முடிந்தது. ஐஸ்வாலுக்கு லீவுக்கு மட்டும் போய்வந்தோம்.

மறுவருஷம் நான் வயசுக்கு வந்தபோது தென்னை ஓலையோடு முருகவேல் மாமா வந்து நின்றார். அவர் மனைவி முறைத்துக்கொண்டேதான் வந்தார். போகும்போது அம்மா வைத்த மூங்கில் குருத்துக் குழம்பை டப்பாவில் வாங்கிப் போனார்!

இப்போது எங்கள் தெருவில் பாதி வீடு வாடகைக்கு. ஒடிசா, பீகார், மணிப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். யாரையும் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நல்லதுதான். ஆனால் யாரையும் யாரும் உறவு சொல்லிக் கூப்பிடுவதும் குறைந்துபோச்சு… அதுதான் கொஞ்சம் வருத்தம்.

போன தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரம். பத்திரிகை அடிக்க அங்கே ஒரு பிரஸ்ஸுக்கு நானும் அம்மாவும் போனோம். தாய்மாமன் என்ற இடத்தில் அம்மா இரண்டு பேர் சொன்னாள். லால்சங்கா, ஐஸ்வால். முருகவேல், கடலூர்.

டைப் செய்தவர் ஸ்க்ரீனைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்க்ரீனைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே உங்க கூடப் பொறந்தவங்களாம்மா?"

"ஆமாம்பா" என்றாள் அம்மா. "ஒருத்தன் அங்க பொறந்தான், ஒருத்தன் இங்க பொறந்தான். ரெண்டு பேரையும் ஒரே சைஸ்ல போடு."