நண்பனுக்கு வைத்த மீசை

உயிரோடு இருந்தவரை மீசையே இல்லாத நண்பனுக்கு, அவன் இறந்த பிறகு மீசை வைத்தவன் நான். அதுவும் சாதாரண மீசை இல்லை. ஆளுக்கு முன்னால் அதுதான் வாசலில் நுழையும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து ராணுவத்துக்குப் போனவன், வடக்கே எல்லையில் குண்டடி பட்டு இறந்துபோனான். முதல் வருஷ நினைவு நாளுக்குள் வீட்டில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று அவனுடைய அம்மா கேட்டார்கள்.

“காலையில எந்திரிச்சா அவன் மூஞ்சியில முழிக்கணும்ப்பா.”

அவர்கள் கேட்டது அவ்வளவுதான். நானும், மில்லில் ஃபிட்டராக இருந்த இன்னொரு நண்பனும் பொறுப்பேற்றுக்கொண்டோம்.

கையில் இருந்தது சீருடையில் எடுத்த, தபால்தலை அளவு போட்டோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் சினிமா பேனர் வரைகிற ஓவியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆளு எப்படி இருப்பாரு?” என்று கேட்டார். நான் சங்கப் பாட்டில் வரும் வீரர்களை, நடுகல், வெட்சி, கரந்தை என்று படித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. நண்பனைப் பற்றிக் கேட்டவரிடம் வீரனைப் பற்றிச் சொன்னேன். கண்ணில் கனல் வேண்டும் என்றேன். மீசையையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஏலே, அவனுக்கு ஏதுலே மீசை?” என்றான் ஃபிட்டர்.

“கலையின் உண்மை வேற” என்றேன். அவன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

படம் வந்தது. அம்மா வெகு நேரம் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு. யாருப்பா இது, இன்ஸ்பெக்டரா?”

ஃபிட்டர் என்னைக் கை காட்டினான்.

“எம்மவனுக்கு மீசை எங்கப்பா மொளைச்சுச்சு? இங்கிட்டு நாலு முடி, அங்கிட்டு நாலு முடி. அதத் தடவிக்கிட்டு கண்ணாடி முன்னாடியே நிப்பான். அவிய அப்பா பிளேடு வாங்கித் தந்து, செரைச்சா வளரும்லேன்னாரு. செரைச்சான். இருந்த எட்டும் திரும்ப வரல.” சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றதும், “இவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்க?” என்றார்கள். நினைவு நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் நான் படத்தைத் தூக்கிக்கொள்ள, அவர்களும் எங்களோடு ஓவியரின் கொட்டகைக்குப் பஸ் ஏறினார்கள். ஓவியர் மீசையை எடுக்கத் தயங்கினார். “எடுத்தா அந்த வீரம் போயிருமேம்மா.”

“வீரத்த அவன் அங்க காட்டிட்டான்யா. வீட்டுக்கு அவன் மூஞ்சி போதும்.”

ஓவியர் டர்பன்டைனில் துணியை நனைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததைக் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கண் இவ்வளவு பெரிதில்லை என்றார்கள் அம்மா. சிரித்தால் கண்ணே இருக்காது என்றான் ஃபிட்டர். அடுத்தவன் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டுத் தெரியாதவன் மாதிரி நிற்கும்போது இடது உதடு மட்டும் கொஞ்சம் ஏறும் என்று நான் சொன்னேன்.

“வீட்லயும் அப்படித்தான். முறுக்கு டப்பாவத் தொறந்து பாக்குமுன்னயே அந்த உதடு சொல்லிரும்” என்றார்கள் அம்மா.

ஓவியர் தூரிகையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டீ சொன்னார். டீ வருவதற்குள் உதடு ஏறிவிட்டது. கனல் அணைந்த இடத்தில் கண் இடுங்கியது. பார்த்தால், திருடித் தின்றுவிட்டு அவன் எங்கள் நடுவே நின்றுகொண்டிருந்தான். ஃபிட்டர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

மீசையைத் துடைத்த இடத்தில் மட்டும் லேசாகக் கறை நின்றுவிட்டது. “காஞ்ச பொறவு அதையும் மறைச்சிருதேன்” என்றார் ஓவியர்.

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார்கள். “வேண்டாம்யா, இருக்கட்டும். அவன் மீசை அம்புட்டுத்தான்.”

நினைவு நாளன்று படத்துக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். வந்தவர்கள் படத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டு, கும்பிட்ட கையோடு சிரித்தார்கள். செட்டியார்பட்டியிலிருந்து வந்த அவன் சித்தி, “அப்படியே எதுக்க நிக்கான்! ஏக்கா, பக்கத்துல இருந்து யாரு சொல்லி வரைஞ்சது?” என்று கேட்டார். நான் அடக்கமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “இவனா? இவன் பஸ்ஸுல படத்தப் பிடிச்சுக்கிட்டு வந்தான். அதுவும் தலைகீழா.”