வால்வு குடித்த மின்சாரம்

திருவனந்தபுரம் ஆட்சியில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நாலைந்து வருஷம் முன்பு, கடலோரத்தில் மணல் சோதிக்கும் ஒரு சின்னக் கூடத்தில் எனக்கு வேலை. அங்குள்ள கருமணலில் கதிரியக்கம் உண்டு. அது எழுப்பும் மின்சாரம் அற்ப சொற்பம். அதைப் பெரிதாக்கிக் காட்ட ரேடியோப் பெட்டிக்குள் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து ஒரு பெருக்கி கட்டியிருந்தேன். ஆனால் முதல் வால்வுக்குள் மின்சாரத்தை வாங்கும் கிரிட் என்ற கம்பி வலை தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துவிடும். அது எவ்வளவு என்று தெரியாமல் மணலை அளப்பது வெறும் ஊகம்தான்.

அதை நேராகக் காட்டும் மீட்டர் எங்களிடம் இல்லை. அதனால் கிரிட்டோடு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறு கண்டன்சரை இணைத்து, தரைக்குப் போகும் கம்பியை எடுத்துவிடுவோம். கண்டன்சர் மெல்ல நிரம்பும். நிரம்ப நிரம்ப, பெருக்கியின் மறுமுனையில் இருந்த கால்வனாமீட்டரின் வெளிச்சப் புள்ளி அளவுகோலில் நகரும். மெதுவாக நகர்ந்தால் மின்சாரம் குறைவு. நான் புள்ளியைப் பார்ப்பேன், உதவிக்கு இருந்த பெண் ஸ்டாப் வாட்சைப் பிடிப்பாள்.

அவள் தற்காலிக உதவியாளர், பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. இந்த அளவு முடிந்ததும் ஆசிரியப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போவதாக இருந்தாள். புள்ளி நகரும்போது அசையக்கூடாது, பேசக்கூடாது. ஒரு முழத் தூரத்தில் அவள் மூச்சுவிடுவது கேட்கும். காலையில் வேலைக்கு வர வடசேரியில் பஸ் ஏறும்போதே அந்த மௌனத்துக்காக மனசு ஏங்கும். வேலை முடியவே கூடாது என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் அளவு தப்பினால் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். அந்த வயதில் இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அளவு தப்பிக்கொண்டேதான் இருந்தது. பத்து நிமிஷம் எடுக்க வேண்டிய புள்ளி அரை நிமிஷத்தில் ஓடியது. வால்வை மாற்றினேன், கண்டன்சரை மாற்றினேன். தினமும் காலையில் வால்வின் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயட்டும் என்று மேற்கு ஜன்னல்களை விரியத் திறந்து வைத்தேன். இப்படியே பத்து நாள்.

பதினோராம் நாள் அவளே சொன்னாள். “கடக்காத்துல உப்பு வந்து கண்ணாடில படியுது சார். படிஞ்ச உப்பு ஈரத்த இழுக்கும். கரண்டு அது வழியாத்தான் கசியுது. ஜன்னல அடச்சிட்டு, பல்பு சூட்டுல காயவச்சு அளந்து பாருங்க.”

அப்படியே செய்தோம். புள்ளி நகர்கிறதா என்று சந்தேகப்படும்படி நகர்ந்தது. பன்னிரண்டு நிமிஷம். மூன்று தடவை அளந்தும் அதே கணக்கு. எனக்குச் சந்தோஷத்தைவிட அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது. இது எப்போது தெரியும் என்று கேட்டேன். கருவாடு காயப்போடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு முதல் நாளே தெரியாதா என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை, பத்து நாளை வீணாக்கிவிட்டாயே என்று சத்தம் போட்டேன்.

அவள் ஸ்டாப் வாட்சை மேசைமேல் வைத்தாள். “வீணாவா போச்சு?” என்றாள்.

ஜன்னல் அடைத்த அரை இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு, வீண்தானே என்றேன். மூன்று அளவுகளுக்கும் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.